ஒரு சிட்டிகை இரும்புத் தூள்

இன்று காலை அம்மா திராட்சை ஸ்குவாஷ் காய்ச்சினாள். உன் வீட்டுப் பந்தலில் காய்த்த பழம்தான். சாற்றை வடிகட்டி, சர்க்கரைப் பாகை இறக்கி வைத்துவிட்டு, மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்து லெமன் சால்ட்டை ஒரு கரண்டி அள்ளினாள். அந்தச் சிட்ரிக் அமிலத்துக்கு மணம் கிடையாது என்று நம் வேதியியல் புத்தகம் சொல்கிறது. புத்தகத்துக்கு என்ன தெரியும்? எனக்கு மணந்தது. பள்ளி ஆய்வகத்து ஸ்பிரிட் விளக்கும், எண்ணெய் வைத்த உன் தலையும், சூடான கண்ணாடிக் குவளையும் கலந்த மணம். "மூஞ்சிய உள்ள விடாத வாலு, மூக்கு வெந்துரும்" என்று நீ என் பின்னலைப் பிடித்து இழுத்ததுகூட மண்டையில் சுரீரென்றது.

"இந்தா, நீ கொஞ்சம் கிண்டு" என்று அம்மா கரண்டியை நீட்டினாள். வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன். பொய்தான். ஆனால் இது பொடிப் பொய். உன்னிடம் சொல்லாமல் விட்டது வேறு. அது இப்போது ஊரில் பலருக்கும் தெரியும். முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நீ. வரிசையில் உன்னைக் கடைசியில் நிறுத்திவிட்டேன்.

உனக்கு எவர்சில்வர் என்று பெயர் வைத்ததும் நான்தான், ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் வகுப்பில் இருந்தோம். சின்னமனூர்ச் சந்தையிலிருந்து உன் அப்பா உன்னை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தபோது, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி வழுக்கியது. அவருக்குச் சிராய்ப்பு, உனக்கு இடது கணுக்கால் எலும்பு முறிவு. மதுரையில் தகடு வைத்து ஏழு ஸ்க்ரூ முடுக்கி அனுப்பினார்கள். நம் தெருவே பிஸ்கட்டும் ஆரஞ்சுமாக உன்னைப் பார்க்க வந்தது. நான் காந்தத்தோடு வந்தேன்.

கட்டுக்கு மேலே காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. "என்னடி இது, காசு வாங்கிட்டு டூப்ளிகேட் இரும்ப வச்சு அனுப்பிட்டாகளா?" என்றேன். நீ சிரித்ததில் தையல் வலித்து, "சிரிக்க வைக்காதடி பாவி" என்று தலையணையை எறிந்தாய். அது இரும்பு மாதிரி இரும்பில்லை, எவர்சில்வர் மாதிரி ஒரு சாமான், அதில் காந்தம் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். போதாதா எனக்கு? "எங்க வீட்டு எவர்சில்வர் குடத்துல எங்க அம்மா பேர வெட்டியிருக்கு. உன் கால்ல யாரு பேருடி வெட்டியிருக்கு?" என்று கேட்டேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெட்டுன பேரச் சொன்னா அந்தக் காலையும் ஒடைச்சுப்புடுவேன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து நீ எவர்சில்வர், நான் வாலு.

தகட்டை வைத்து நான் கேலிதான் செய்தேன். நீ யோசித்தாய். ப்ளஸ் டூ சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியம், தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டே கேட்டாய்: "எங்க வீட்டு உப்பு ஜாடியில எவர்சில்வர் கரண்டி கிடக்குல்ல, அதுல புள்ளி புள்ளியாத் துரு வருதுடி. ரத்தமும் உப்புத்தான. அப்ப என் தகடு?"

எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு கேள்வி ஏழு பிறவிக்கும் தோன்றாது. அந்த வருட அறிவியல் கண்காட்சிக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

உத்தமபாளையத்தில் அந்த லேத் பட்டறை அண்ணனிடம் போய் நின்றோமே. எவர்சில்வர் கம்பியைச் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி நான்கைந்து துண்டு கொடுத்தார். பளபளவென்று இருந்தது. "இதே போதுமே அண்ணே" என்றேன். "அட இருத்தா. பாக்கத்தான் பளபளப்பு. வெட்டுற கத்தி இரும்புல்ல? அதோட பொடி இது மேல ஒட்டியிருக்கும். மொதல்ல துருப்பிடிக்கிறது அதுதான். கழுவிப்புட்டுத்தான் விடணும்" என்றார். நீ அதை நோட்டில் எழுதினாய். நான் பட்டறையில் கிடந்த சுருள் சுருளான சீவலை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு உன் முன்னால் தலையை ஆட்டினேன். "காது அறுந்துரும், வாலு" என்றாய், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

மீதியை வேதியியல் டீச்சர் சொன்னார். உலோகத்தை அமிலத்தில் குளிப்பாட்டினால் மேலே ஒட்டிய இரும்புப் பொடி கரைந்து போய்விடும். உலோகத்துக்குள் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத தோல். அதில் கீறல் விழுந்தாலும் தானாகவே மூடிக்கொள்ளும். உடம்புக்குள் வைக்கிற தகடுகளைக் கம்பெனிக்காரர்கள் மின்சாரம் விட்டு மெருகேற்றி, அமிலத்தில் கழுவித்தான் அனுப்புவார்கள். நம் கையில் அவ்வளவு பெரிய அமிலம் வேண்டாம், லெமன் சால்ட் போதும் என்றார். வெந்நீரில் கரைத்து ஒரு துண்டை அரைமணி நேரம் ஊறவைத்தோம். இன்னொன்றைச் சும்மா விட்டோம். இரண்டையும் தனித்தனியாக ரத்தத்தின் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர்ப் பாட்டில்களில் போட்டு மூடினோம். ஒட்டுவதற்குச் சீட்டு எழுதும் வேலை எனக்கு. "குளிச்சவ", "குளிக்காதவ" என்று எழுதினேன். டீச்சர் கிழித்துப்போட்டுவிட்டு ஒழுங்காக எழுதச் சொன்னார். நீ அந்தக் கிழிசலை எடுத்து உன் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாய்.

பன்னிரண்டாம் நாள் குளிக்காத துண்டில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. குளித்தது வைத்த மாதிரியே இருந்தது. நீ பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, உன் இடது காலைத் தட்டி, "கேட்டியா? நீ குளிச்சவ. ஒண்ணும் ஆகாது உனக்கு" என்றாய். குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். அடிபட்டு இரண்டு வருடமாக உனக்குள் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அன்றுதான் அது உன்னை விட்டுப் போனது. நான் அங்கேதான் நின்றேன். என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்தேன்.

ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். உன் மேல் எனக்குப் பொறாமையும் இல்லை, கோபமும் இல்லை. நீ அவ்வளவு நிம்மதியாக இருந்தாய். நிம்மதியாக இருக்கிறவர்களைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது இயற்பியல் ஆய்வகத்துப் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை இரும்புத் தூளைத் தாளில் மடித்து எடுத்துவந்து, குளித்தவளின் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கினேன். தூள் துண்டின் மேலும் அடியிலும் படிந்தது. கண்காட்சி நடக்கிற திங்கட்கிழமைக்குள் தண்ணீரே தேநீர் நிறமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு எனக்கும் வேதியியல் வரும்.

திட்டம் ரொம்பச் சின்னது. கண்காட்சியில் நீ பாட்டிலைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். ஒரு நிமிடம். நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்துப் பாட்டிலின் மேல் ஓட்ட வேண்டும். மிச்சத் தூள் மீசை மாதிரி எழுந்து நிற்க வேண்டும். "ஏமாந்தா எவர்சில்வர்!" என்று நான் கத்த வேண்டும். நீ என்னை அடிக்க வேண்டும். அப்புறம் டீச்சர் வருவதற்குள் நன்றாக இருக்கும் இன்னொரு துண்டை எடுத்து வைத்துவிடலாம். அதையும் குளிப்பாட்டி என் பையில் தயாராகவே வைத்திருந்தேன்.

தூளைப் போட்ட அன்றே நான் துணியில் சுற்றிக் கட்டிவிட்ட இரண்டு பாட்டிலையும் தேனிக்குப் போகும் பஸ்ஸில் நீ மடியில் வைத்திருந்தாய். வீரபாண்டி தாண்டும்வரை என்னைத் தொடவே விடவில்லை. அங்கே போய் மேசையில் வைத்துச் சுற்றைப் பிரித்ததும் பார்த்தாய். உன் முகத்தைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன், பார்த்தேன். கையைப் பையில் விட்டுக் காந்தத்தைத் தொடும்போது, நடுவர் நம் மேசைக்கே முதலில் வந்து நின்றார்.

"சொல்லும்மா, என்ன கண்டுபிடிச்சீங்க?"

 சார்ட்டில் நாம் எழுதியிருந்த முடிவைப் பார்த்தாய், பாட்டிலைப் பார்த்தாய். "சார், நாங்க எழுதியிருக்கறது தப்பு. குளிப்பாட்டினா துருப்பிடிக்காதுன்னு நெனச்சோம். ஆனா பிடிச்சிருக்கு. இன்னும் அதிகமாவே பிடிச்சிருக்கு. ஏன்னு தெரியல" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. மேசைக்கு அடியில் இடது கால் மட்டும் வலது காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். அங்கே இருந்த எல்லா மேசையிலும் சோதனை சரியாக வந்திருக்கிறது, ஒரு மேசையில் மட்டும்தான் ஒரு பிள்ளை உண்மையைச் சொல்கிறது என்று சத்தமாகச் சொன்னார். மாலையில் நேர்மைக்காகச் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். டீச்சர் கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டிய கையில் காந்தம் இடித்தது.

அந்த மேடையில் இருந்து நீ இறங்கிய பிறகு எப்படிச் சொல்வது? நீ நேர்மைக்குப் பரிசு வாங்கியிருக்கிறாய், அது என் களவாணித்தனத்தின் மேல் நிற்கிறது. இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. உனக்காகத்தான் சொல்லவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பயம். திரும்பி வரும்போது டீச்சர், "அதுல வேற ஏதோ விழுந்திருக்கணும். இன்னொரு தடவ செஞ்சு பாத்துருவோம்" என்றார். என் வாய் திறந்தது. நீ முந்திக்கொண்டாய். "எத்தன தடவ செஞ்சாலும் உள்ள இருக்கறது இருக்கறதுதான டீச்சர்" என்றாய். திறந்த வாயை மூடிக்கொண்டேன். காலாண்டுத் தேர்வு வந்தது, அந்தப் பேச்சு அதோடு போனது.

உன்னை விட்டு மட்டும் அது போகவில்லை. வாய்க்குள் ஆணியைச் சப்புவது மாதிரி ருசி வருகிறது என்றாய். பனி விழுகிற காலையில் கால் உள்ளே சுரண்டுகிறது என்றாய். அது நிஜமாகவே வலியா, பயமே வலியாக வந்ததா, எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. பஸ்ஸில் நீ அதைச் சொன்னபோது, பழக்கதோஷத்தில், "பழைய இரும்புக் கடைக்காரரு உன்னைய எடைக்கு எடுத்துக்குவாருடி" என்றேன். நீ சிரிக்கவில்லை. நான் சொல்லி நீ சிரிக்காத முதல் ஜோக் அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் டியூஷன் விட்டு வரும்போது மழை பிடித்ததே. வாய்க்கால் கரையில் நடந்து வந்தோம். உன்னிடம் ஒரே ஒரு குடை. நீ அதைத் தலைக்குப் பிடிக்கவில்லை, சரித்து இடது காலுக்குப் பிடித்தாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் காலை நனையாமல் கொண்டுவந்தாய். யாராவது சொல்லக் கேட்டிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "ஏ எவரு..." என்று ஆரம்பித்தேன். "என்னடி?" என்றாய். "ஒண்ணுமில்ல, சளி பிடிக்கும்" என்றேன். தொண்டை வரைக்கும் வந்தது அது. இப்போதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தகட்டை எடுத்துவிடச் சொல்லி உன் அப்பாவிடம் கேட்டாய். அவர், "எடுத்துருவோம் ஆத்தா. இந்த வெட்டு முடியட்டும், பழம் பந்தல்ல நிக்குது" என்றார். கல்லறைத் திருநாள் லீவில் உன்னிடம் சொல்லிவிடுவது என்று நான் நாள் குறித்துவைத்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வாரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல் என்றார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்றார்கள். ஐந்தே நாள். ஊர் முழுக்கப் பழைய கல்லறைகளுக்குச் சாமந்தி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிய அன்று, உன்னுடையது மட்டும் ஈரமண்ணாக இருந்தது.

தவக்காலம் தொடங்கியதும் எல்லோரோடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றேன். பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, பிறரைக் கேலி செய்தேன் என்று ஒப்பித்தேன். கேலி என்ற ஒரு வார்த்தைக்குள் உன்னை மடித்து வைத்துவிட்டேன், இரும்புத் தூளைத் தாளில் மடித்த மாதிரி. பங்குச் சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மலிவாகத் தப்பித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் உன் அப்பா பந்தலில் கம்பி இறுக்க ஏணியில் ஏறி, கல்தூண் மேலேயே விழுந்தார். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தேனி டாக்டர் தகடு வைக்க வேண்டும் என்றதும் எழுந்து வந்துவிட்டார். நாட்டு வைத்தியரிடம் போய் முட்டையும் உளுந்து மாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டார். நான்கு நாளில் விரல்கள் வீங்கின, அப்புறம் மரத்துப்போயின. இனியும் தள்ளினால் எலும்பு கோணலாகச் சேரும், கத்தரிக்கோல் பிடித்துக் கொடியைக் கவாத்து வெட்டும் கை இராது என்று டாக்டர் ஆள்விட்டுச் சொல்லியும் அசையவில்லை.

குழாயடியிலிருந்து வந்த அம்மாதான் காரணத்தைச் சொன்னாள். "அந்தத் தகடு துருப்பிடிச்சு ரத்தத்துல கலந்துதான் எம்புள்ள செத்துச்சு, அதே சாமான நான் வாங்கி வச்சுக்கணுமாங்கறாரு மனுசன். புள்ள எடுக்கச் சொன்னுச்சு, நாந்தான் வெட்டு முடியட்டும்னேன், நான் கொன்னுட்டேன்னு சொவத்துல முட்டிக்கிட்டாராம். டாக்டரு சொன்னா ஏறல. ஏண்டி, நீங்க ரெண்டு பேரும்தான அந்தப் பாட்டிலக் கட்டிக்கிட்டு அலைஞ்சீக, துருப்பிடிக்குமா பிடிக்காதான்னு நீயாவது போய் ஒரு வார்த்த சொல்லேன்."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். உன்னை மட்டும்தான் பயமுறுத்தினேன் என்று நினைத்திருந்தேன். நீ போனதற்கு அப்புறம் அந்தப் பயம் உன் அப்பாவைப் பிடித்து, அவருக்கு மகளைக் கொன்றவர் என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரி என்றுதானே எல்லோரும் சொல்வீர்கள்.

உன் வீட்டுக்குள் நான் போனபோது, நான் சித்தப்பா என்று கூப்பிடுகிற உன் அப்பா கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தார். சித்தி, உன் அம்மா, தரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் மலர்ந்தது. உன்னைப் பார்த்த மாதிரி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வா ஆத்தா. பரிச்சைக்குப் படிக்கிறியா?" என்றார்.

"படிக்கிறேன் சித்தப்பா. புத்தகம்தான் என்னையப் படிக்க மாட்டேங்குது" என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, "சித்தப்பா, அந்தப் பாட்டில்ல நான் இரும்புத் தூளப் போட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். குளித்தது, குளிக்காதது, ஒரு சிட்டிகை, காந்தம், நடுவர், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. சொல்லி முடித்தபோது சித்தி கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டுவிட்டாள்.

"அப்ப அந்தத் துரு எம்புள்ள கால்ல இல்லையா?"

"இல்ல சித்தப்பா. பாட்டில்ல மட்டும்தான். அவளோடது கழுவுன தகடு."

"நான் தள்ளிப்போட்டதுனால இல்லையா?"

"இல்ல. காய்ச்சல்தான். டாக்டர் அன்னைக்குச் சொன்னாகளே, அதுதான். வேற எதுவுமில்ல."

அவர் கண்ணை மூடினார். மூச்சை விட்டார். நான்கு மாதமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி அது வெளியே வந்துகொண்டே இருந்தது. சரியாகிவிட்டது, காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குக்கூடத் தோன்றியது. அப்புறம் கண்ணைத் திறந்து, "எப்பப் போட்ட அந்தத் தூள?" என்றார்.

"ஆடியில."

நல்ல கையின் விரல்களை மடக்கினார். "ஆடி. ஆவணி. புரட்டாசி..." நிறுத்தினார். "அத்தன நாளும் எம்புள்ள பயந்துக்கிட்டே இருந்துச்சா? ஒண்ணுமில்லாததுக்கா?"

 சித்தி கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள். எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்திரி. வெளிய போ" என்றாள்.

வாசல்படி இறங்கும்போது சித்தப்பா கூப்பிட்டார். திரும்பினேன். "நாளைக்குத் தேனிக்குப் போகணும். உங்கப்பாவ வண்டி கொண்டாரச் சொல்லு. நீயும் வா. டாக்டருகிட்ட அந்தக் கழுவுற விசயத்தக் கேக்கணும், எனக்குக் கேக்கத் தெரியாது" என்றார். அப்புறம், "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாத" என்றார்.

நினைக்கவில்லை. போனேன். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நான் கேட்டதை முழுக்கக் கேட்டார். கழுவாமல், தோல் கட்டாமல் எதையும் உள்ளே வைக்க மாட்டோம் என்றார். சில பேர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வலி வந்தால் எடுத்துவிடுவோம், மற்றபடி ஆணி மாதிரி துருப்பிடித்து ஆளைக் கொல்கிற சாமான் இல்லை இது என்று உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி ஒப்புதல் தாளில் வைத்தார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் வார்டில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எல்லாம் அசைந்தன. அப்புறம், "அந்தத் தோலு... உள்ளாற கீறிக்கிருச்சுன்னா?" என்று கேட்டார்.

"தானா மூடிக்கும் சித்தப்பா. கொஞ்சம் காத்து இருந்தாப் போதும்."

"ஒடம்புக்குள்ள ஏது காத்து?"

"ரத்தத்துல இருக்கே. அது போதும்."

"தானா மூடிக்குமா..." என்றார். "எவர்சில்வருக்குக் குடுத்துவச்சிருக்கு." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அவர் கை தேறி வருகிறது. தெருவில் பார்த்தால், "என்ன ஆத்தா" என்கிறார். அதோடு சரி, முன்பு மாதிரி நின்று வம்பளப்பதில்லை. இந்தத் திராட்சையைக்கூட அவர்தான் கொடுத்துவிட்டார், சித்தி கொடுத்துவிடவில்லை. அவள் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். போகட்டும். டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, கண்காட்சி நடத்தியவர்களுக்கு நானே கைப்படக் கடிதம் எழுத வேண்டும் என்றார். உன் பரிசை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், அவள் சொன்ன அந்தப் பேச்சு நிஜம் என்று எழுதினேன். நீ அன்று கண்ணால் பார்த்ததைச் சொன்னாய். பொய் பாட்டிலில் இருந்தது, உன் வாயில் இல்லை.

குறும்பை விட்டுவிட்டேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். விடவில்லை. போன வாரம்கூட ஒருத்தி தண்ணீர் பாட்டிலில் உப்பைக் கரைத்து வைத்தேன். குடித்துவிட்டுக் காறித் துப்பினாள். முன்பானால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஓடியிருப்பேன். இப்போது ஓட முடிவதில்லை. "நாந்தான், நாந்தான் போட்டேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அடித்தால் குனிகிறேன். ஏமாந்தவள் சிரிக்கிறவரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. சிலருக்கு ஒரு நிமிடம் ஆகிறது, சிலருக்கு ஒருநாள். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.

எவரு, அந்தத் தூளை நான்தான் போட்டேன். உன் காலில் ஒன்றுமே இல்லை.

சொல்லிவிட்டேன். இங்கேதான் நிற்கிறேன்.